விளக்கெண்ணெய் ஒழிக

சுகிர்தபாய்க்குக் குழந்தைகளைப் பிடிக்காது. அதை அவள் மறைத்ததும் இல்லை. வருஷக்கணக்காக ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள். அங்கே படுத்திருப்பவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள், மெத்தையை நனைத்துவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரன் தலையில் பழியைப் போடமாட்டார்கள். அவளுக்கு அது தோதாக இருந்தது. ஒருநாள் மிஷன் கமிட்டிக்காரர்கள் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். "குறை ஏதும் உண்டா சிஸ்டர்?" என்று அவர்களில் ஒருவர் மரியாதைக்குக் கேட்டார். "உண்டு. கத்தி எல்லாம் மொட்டை. சந்தையிலே மீன் வெட்டுகவ இதைவிட நல்ல கத்தி வச்சிருக்கா" என்றாள் இவள். அடுத்த மாதம் புதுக் கத்திகள் வந்தன. சுகிர்தபாய் குழந்தைகள் வார்டுக்குப் போனாள்.

வார்டு என்பது நீளமான ஓட்டுக் கட்டிடம். இரண்டு வரிசைக் கட்டில்கள், ரோட்டுப் பக்கம் ஒரு வராந்தா. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகிற பஸ்கள் அந்த வராந்தாவை உரசுவது போலப் போகும். ஐம்பத்து நாலாம் வருஷம் அது. தெற்குத் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று காலையில் ஒரு ஜாதா வடக்கே போகும். ஐக்கிய கேரளம் வேண்டும் என்று சாயங்காலம் இன்னொரு ஜாதா தெற்கே வரும். ஊர்வலத்தை அங்கே எல்லோரும் ஜாதா என்றுதான் சொன்னார்கள். இரண்டு ஜாதாவும் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரே கடையில் நின்று ஒரே பாலில் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போகும். பிறகு தடியடி வந்தது, கைது வந்தது, நூற்றி நாற்பத்து நாலு வந்தது. ஐந்து பேர் சேர்ந்து நிற்கக் கூடாது, கோஷம் போடக் கூடாது. ரோடு ஓய்ந்தது. டீக்கடை முன்னால் ஒரு முக்காலியைப் போட்டுத் தங்கப்பன் என்ற கான்ஸ்டபிளை உட்கார வைத்தார்கள். அவர் காலை முதல் மாலை வரை ஆஸ்பத்திரி வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

வார்டில் காய்ச்சல்காரர்கள் சத்தமில்லாமல் கிடந்தார்கள். அவள் உயிரை எடுத்தது மூன்று பேர்.

ஒருவன் ராபின்சன். அயனி மரத்தில் சக்கைப்பழம் பறிக்க ஏறி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டவன். இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. கால் ஓடாததால் வாய் ஓடியது. அடுத்தவன் கிருஷ்ணன்குட்டி. நெஞ்சுக்குள் சீழ் கட்டி, விலாவில் குழாய் போட்டு எடுத்திருந்தார்கள். சுருங்கிப்போன நுரையீரல் விரிய வேண்டுமென்றால் அவன் ஒரு குப்பியிலிருந்து இன்னொரு குப்பிக்குக் குழாய் வழியாகத் தண்ணீரை ஊதித் தள்ள வேண்டும். இரண்டு ஊது ஊதிவிட்டு, "மடுத்து சிஸ்டரே" என்று அலுத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிடுவான்.

மூன்றாவது நீலாம்பாள். ஏழு வயது. சோறு வடிக்கும்போது கலம் சரிந்து, கொதிக்கிற கஞ்சித்தண்ணீர் அவளுடைய வலது அக்குளிலும் விலாவிலும் விழுந்தது. புண் ஆறிவிட்டது. ஆறியதுதான் வம்பு. புதுத்தோல் வெயிலில் கிடந்த பழத்தோல் மாதிரி சுருங்கிக் கையை விலாவோடு சேர்த்து இழுத்தது.

"இந்தக் கை தலைக்கு மேலே போகணும் சிஸ்டர். தினமும் போகணும்" என்றார் டாக்டர் ஈசாக். "போகல்லைன்னா தோல் இறுகி, கை அப்படியே நின்னுபோவும். அப்புறம் அறுத்து விட்டு, தொடையிலேருந்து தோலெடுத்து வைக்கணும்."

"வச்சா சரியாவுமா?"

"ஆகலாம்."

டாக்டர்மார் 'ஆகலாம்' என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று தியேட்டரில் நின்றவளுக்குத் தெரியும்.

பிடித்து இழுத்துப் பார்த்தாள். நீலாம்பாள் கத்தினாள். கூட இருந்த தாய்க்காரி ஆனந்தவல்லி அதைவிடப் பலமாகக் கத்தினாள். பிறகு சுகிர்தபாய் கட்டில் கம்பியிலிருந்து நூலில் ஓர் அப்பளத்தைக் கட்டித் தொங்கவிட்டாள். பெண் அதை இடது கையால் பறித்துத் தின்றாள். இடது கையைத் துணியால் கட்டிவிட்டாள். பெண் எம்பி வாயால் கவ்வினாள். வார்டு கைதட்டியது. மிஷன் அடுக்களை அப்பளம் என்று முதலில் முகத்தைச் சுளித்த ஆனந்தவல்லி, மறுநாள் வீட்டிலிருந்து தேன்குழல் முறுக்கு வரவழைத்தாள். முறுக்கை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக் கட்டினார்கள். அதற்கு வலது கை மசிந்தது. தோள் உயரம் வரைக்கும் வந்தது. அதற்கு மேலே எழும்ப முறுக்கின் ருசி போதவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் வார்டில் அடிதடி நடந்தது.

சுகிர்தபாய் கஞ்சிப் பாத்திரங்களை அடுக்களையில் போட்டுவிட்டு வந்தாள். மருந்து வண்டிமேல் ராபின்சன் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மருந்துக் குப்பிகள் தரையில் வரிசையாக இருந்தன. அவன் ஒரு கையில் துவாலையைக் கொடியாகப் பிடித்து, "தமிழ்நாடு" என்று கத்தினான். அவனுக்கு எதிரே கட்டில்மேல் நின்றுகொண்டு கிருஷ்ணன்குட்டி, "ஐக்கிய கேரளம் சிந்தாபாத்!" என்று கத்தினான். ஒரு தலையணை பறந்தது. பஞ்சு பறந்தது.

இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுக்கத்தான் அவள் போனாள். கிருஷ்ணன்குட்டியின் பக்கத்தில் போனதும் ஓங்கிய கை நின்றது. குப்பியை ஊதச் சொன்னால் குப்புறப் படுக்கிறவனுடைய விலா ஒவ்வொரு கோஷத்துக்கும் கொல்லன் துருத்தி மாதிரி விரிந்து சுருங்கியது. அவள் திரும்பி ராபின்சனைப் பார்த்தாள். கோஷம் போடுகிறவன் முஷ்டி எங்கே இருக்கிறது? தலைக்கு மேலே. காதை ஒட்டி, செங்குத்தாக.

"எலே, நிறுத்துங்கலே" என்றாள். நிறுத்தினார்கள். "ஜாதா போலாம். நானே வண்டி தள்ளுதேன்."

யாரும் நம்பவில்லை.

"ஆனா ஒரே கட்சியாக்கும். கேரளமும் வேண்டாம், தமிழ்நாடும் வேண்டாம். அதுக்கெல்லாம் வெளியே பெரிய மண்டையனுவ உண்டு."

"பின்ன எதுக்காக்கும் ஜாதா?" என்றான் ராபின்சன்.

"உங்களுக்கு இந்த வார்டிலே ஆரைக் கண்டா ஆவாது? அதைச் செல்லு."

கொஞ்ச நேரம் யோசித்தார்கள். "சிஸ்டரை" என்றான் கிருஷ்ணன்குட்டி.

"என்னை ஒழிச்சா பெட்பான் உனக்க மாமனா வந்து எடுப்பான்? வேற செல்லு."

மூலைக் கட்டிலில் இருந்த ஒரு காய்ச்சல்காரன் போர்வைக்குள்ளிருந்து சொன்னான்: "வெளக்கெண்ண."

சனிக்கிழமைதோறும் வார்டு முழுக்க விளக்கெண்ணெய் கொடுப்பது ஆஸ்பத்திரி வழக்கம். மூக்கைப் பிடித்து, ஒரு கரண்டி. மொழி வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும். வார்டு ஒரே நிமிஷத்தில் ஒன்றுபட்டது. முடிவில் மட்டும் தகராறு வந்தது. 'ஒழிக' என்றுதான் முடிக்க வேண்டும் என்றான் ராபின்சன். 'முர்தாபாத்' என்றான் கிருஷ்ணன்குட்டி. போகும்போது ஒழிக, திரும்பும்போது முர்தாபாத் என்று சுகிர்தபாய் தீர்ப்புச் சொன்னாள். எல்லைத் தகராறைத் தீர்க்க டெல்லியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஜாதா தினமும் மத்தியானம் நடந்தது. மருந்து வண்டியில் தலைவர் ராபின்சன் முன்னால். அடுத்து கிருஷ்ணன்குட்டி. அவன் குரல் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டில் தூரம் கூடிக்கொண்டே போனது. அவன் ஊதுகிற குப்பிகளை இனி வேண்டாமென்று தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். நீலாம்பாளும் வந்தாள். இடது கையால் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விடக் கீச்சென்று, "ஒழிக" என்றாள். சிரித்தாள். குதித்தாள். வலது கை மட்டும் விலாவோடு ஒட்டிக் கிடந்தது.

"கை, மக்கா, கை" என்று சுகிர்தபாய் காதுக்குள் கத்தினாள். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

இதைவிட மோசம் பின்னால் வந்தது. முறுக்கைக் கட்டினால் இப்போது முறுக்குக்கும் கை எழும்பவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது கையைத் தூக்கச் சொன்னார். தோளுக்கு ஒரு சாண் கீழேயே நின்றது.

"என்ன சிஸ்டர், கீழே போயிருக்கு?" என்றார் டாக்டர் ஈசாக். "வாற வாரம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் கத்தி வைக்க வேண்டியதுதான். கத்தி இப்ப நல்லா இருக்கு, இல்லியா?"

அவருக்கு அந்தக் கமிட்டி நாள் இன்னும் மறக்கவில்லை.

சுகிர்தபாய் அன்றைக்கு ஜாதாவை நிறுத்தினாள். ஆனந்தவல்லி குளிக்கப் போன நேரம் பார்த்து நீலாம்பாளின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். கொஞ்சிப் பேச அவளுக்கு வராது.

"வலிக்குதாட்டி?"

"இல்ல."

"கள்ளம் செல்லாதே."

"இல்ல சிஸ்டர். முன்னதான் வலிச்சுது."

"பின்ன கைக்கு என்ன கேடு?"

பெண் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள். எதிரே முக்காலியில் தங்கப்பன் போலீஸ் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ஜாதாவிலே கையைப் பொக்கினா அப்பாக்க சோலி போவும்."

நீலாம்பாளின் அப்பா குற்றாலிங்கம் பிள்ளை தாலுக்கா கச்சேரியில் கிளார்க். ஜாதாக்கள் நடந்த நாட்களில் ஒருநாள் இந்தப் பெண் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தெருப்பிள்ளைகளோடு சேர்ந்து கையைத் தூக்கிவிட்டாள். அவர் அவளை உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினார். இந்த வீட்டில் யாருடைய கையும் மேலே போகக் கூடாது என்றார். ஒரு கை மேலே போனால் அப்பாவுடைய வேலை போய்விடும். யார் தூக்கச் சொன்னாலும் தூக்காதே. அப்பா சொன்னார் என்று யாராவது வந்து சொன்னாலும் தூக்காதே. அப்பாவே சொன்னாலும் தூக்காதே.

சுகிர்தபாய் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். அந்த வட்டாரத்தில் சர்க்கார் சம்பளம் வாங்குகிற எந்த வீட்டிலும் இதே சட்டம்தான். அவளுடைய சொந்த அண்ணன், சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார், ஜாதா எதிரே வந்தால் இரண்டு கையையும் குடைக்கம்பில் பூட்டிக்கொண்டு, ஈ உட்கார்ந்தால்கூட ஓட்டாமல் நிற்கிறவன். எல்லாம் தெரிந்திருந்தும் இவளுக்கு உறைக்கவில்லை. முறுக்குக்காக எழும்பியபோது அது வெறும் கையாக இருந்தது. இவள் வார்டுக்குள் ஜாதாவைக் கூட்டி வந்து அதை ஜாதாக் கையாக ஆக்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் குற்றாலிங்கம் பிள்ளை வழக்கம்போல ஆபீஸ் விட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான, நெட்டையான மனிதர். கதவு நிலையில் குனிந்து வந்து, உள்ளே வந்த பிறகும் கொஞ்ச நேரம் நிமிராமலே நிற்பார். சுகிர்தபாய் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

"அடப் பாவமே" என்றார். "நான் பயத்திலே ஏதோ சொன்னேன் சிஸ்டர். அதையா இது இப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?" நேரே போய் மகள் முன்னால் குனிந்தார். "மக்களே, அப்பா சொல்லுதேன். கையைத் தூக்கு."

நீலாம்பாள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். "அப்பாவே சொன்னாலும் தூக்காதேண்ணு சொன்னீங்க."

"அப்ப சார் முதல்ல பொக்கிக் காட்டட்டும்" என்றான் ராபின்சன், யாரும் கேட்காமலே.

நீலாம்பாளுக்கு அது நியாயமாகப் பட்டது. "ஆமா, அப்பா தூக்கணும். இங்க இல்ல, வராந்தாவிலே. போலீசு பாக்கணும். அப்பவும் அப்பாக்க வேலை போகல்லேண்ணா நானும் தூக்குவேன்."

குற்றாலிங்கம் பிள்ளை சுகிர்தபாயைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"இது நடக்குத காரியமா சிஸ்டர்? அந்தத் தங்கப்பன் கடுதாசி கொண்டுக்கிட்டு எங்க ஆபீசுக்கு வாற ஆளு. என்னை நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சா நல்லதுதான் சாறே. ஆளு மாறிப் பிடிச்சிட்டுப் போவமாட்டாரு."

"விளையாடாதீங்க. ஜன்னலை எல்லாம் சாத்திட்டு இங்கேயே..."

"உங்களுக்க மகளுக்கு வராந்தா வேணும். நானா செல்லுதேன்? கத்தி வைக்கணும்ணா தியேட்டரிலே கூட நிக்கப்போறது நானாக்கும். தொடையிலே தோலைச் சீவி எடுக்குததை நான் கண்டிருக்கேன். நீங்க காணாண்டாம். சோலி போனா வேற சோலி உண்டு."

ஒத்திகைக்காக அவர் அங்கேயே வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அது காது வரைக்கும் போனது. காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. வார்டு சிரித்தது. நீலாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் வரமாட்டார் என்றுதான் சுகிர்தபாய் நினைத்தாள். வந்தார். வந்ததும் ஆபீஸ் கோட்டைக் கழற்றி மடித்து ஆனந்தவல்லியிடம் கொடுத்தார். கோட்டோடு தூக்கினால் அது சர்க்காரின் கை ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. "சீக்கிரம் முடிச்சிருவோம் சிஸ்டர்" என்றார், பல் பிடுங்க வந்தவர் மாதிரி.

ஜாதா கிளம்பியது. சுகிர்தபாய் வண்டியைத் தள்ளினாள். வண்டிமேல் ராபின்சன், பின்னால் கிருஷ்ணன்குட்டி, வண்டிக் கம்பியை இடது கையால் பிடித்தபடி நீலாம்பாள், போர்வையோடு எழுந்து வந்த இரண்டு காய்ச்சல்காரர்கள், கடைசியில் எல்லோருக்கும் மேலே தலை தெரிய குற்றாலிங்கம் பிள்ளை. வண்டிச் சக்கரம் வராந்தாவின் கல் தரையில் கடகடவென்று உருண்டதும் எதிரே தங்கப்பன் போலீஸ் முக்காலியை விட்டு எழுந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவருக்கு ஒரு வேலை வந்திருந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ரோட்டைக் கடந்து வந்தார்.

"எந்தா சிஸ்டரே இது? நூற்றி நாப்பத்தி நாலு உள்ளது அறியில்லே? அஞ்சு பேரு கூடி நிக்கப்படாது."

"எண்ணிப் பாரும் ஏமானே. இவன் நடக்காத ஆளு, வண்டியிலே வாறவன் கணக்கிலே வரமாட்டான். இது ரெண்டும் காய்ச்சல், கட்டில்லே கிடக்க வேண்டியதுவ. நான் டியூட்டியிலே நிக்கேன். மிச்சம் ஆராக்கும்?"

தங்கப்பன் விரலால் எண்ணினார். மூன்றில் நின்றது. மூன்றாவது விரலை மடக்கும்போது அது யாரென்று பார்த்தார். "அல்ல, குற்றாலிங்கம் பிள்ளைச் சாறா!" குற்றாலிங்கம் பிள்ளை சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் ஒரு பக்கமாகப் போனது.

"கோஷம் எந்தினு?" என்றார் தங்கப்பன்.

"வெளக்கெண்ணெய்க்கு."

"அனுகூலமா, எதிரா?"

"எதிர்!" என்று வார்டு முழுக்கக் கத்தியது.

அவர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். விளக்கெண்ணெயைப் பற்றிச் சட்டத்தில் இருப்பதாக அவருக்கு ஞாபகம் இல்லை. தூணில் சாய்ந்துகொண்டார்.

"நீங்க சும்மா நிக்கப்படாது ஏமானே, தடுக்கணும்" என்று ராபின்சன் கோபித்தான். "போலீசு தடுக்காட்டி ஜாதாவுக்கு என்ன மரியாதை?"

தங்கப்பன் லத்தியை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்தார். "தடுத்தாச்சு. மதியோ?" என்று, போதுமா என்பதுபோல ராபின்சனைப் பார்த்தார்.

இனி ஒன்றும் பாக்கி இல்லை. எல்லோரும் குற்றாலிங்கம் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முன்னால் வந்து வண்டியை ஒட்டி நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். அது இடுப்பில் கொஞ்சம் நின்றது, தோளில் கொஞ்சம் நின்றது, காதைத் தாண்டியது, பிறகு நேரே ஓட்டைத் தொடுகிற மாதிரி மேலே போய் நின்றது.

"விளக்கெண்ணெய்..."

"ஒழிக!"

அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. தங்கப்பன் அங்கேயேதான் நின்றார். ஒரு பஸ் போனது. ஜன்னலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இரண்டாம் தடவை அவர் குரல் உயர்ந்தது. மூன்றாம் தடவை நிமிர்ந்து நின்றார். அப்படி அவர் நிமிர்ந்து ஆனந்தவல்லியே பார்த்ததில்லை. நாலாவதை யாரும் கேட்காமலே போட்டார். காலம் முழுக்க "உத்தரவு" என்று மட்டுமே சொல்லிப் பழகிய தொண்டை அது. திறந்துவிட்ட பிறகு மூடத் தெரியவில்லை.

"ஊசி..."

"ஒழிக!"

"கசப்பு மருந்து..."

"ஒழிக!"

"உப்பில்லாத கஞ்சி..."

"ஒழிக!"

"ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வரச் சொல்லுத தாசில்தார்..."

தங்கப்பனின் லத்தி ஒரு பக்கம் சாய்ந்தது. ஆனந்தவல்லி கோட்டை மார்போடு இறுக்கினாள். முஷ்டி மேலே நிற்க, கண் பளபளக்க, குற்றாலிங்கம் பிள்ளை மிச்சத்தையும் சொல்ல வாயைத் திறந்தார்.

நீலாம்பாள் பாய்ந்தாள். இடது கை வண்டிக் கம்பியிலேயே இருந்தது. வலது கைதான் கிளம்பியது. வண்டியின் அடித்தட்டில் ஏறி, நுனிக்காலில் எம்பி, அவருடைய மார்பைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, அவ்வளவு உயரத்துக்கும் போய் அப்பாவின் வாயைப் பொத்தென்று மூடியது.

"ஆரும் அனங்காதே!" என்று சுகிர்தபாய் கத்தினாள். தியேட்டரில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. "சாறே, அப்படியே நில்லும். குனிஞ்சா உம்மை நான் கொன்னுபோடுவேன். மக்கா, கையை எடுக்காதே. எடுத்தியானா உங்க அப்பா மிச்சத்தையும் செல்லிப்போடுவாரு. எலே ஒருத்தன் போய் டாக்டரைக் கூப்பிடுலே!"

டாக்டர் ஈசாக் டீத் தம்ளரோடு வந்தார். வராந்தாவில் ஒரு போலீஸ்காரர், ஒரு மருந்து வண்டி, மகளின் கையால் வாய் அடைபட்ட ஒரு கிளார்க். அவர் நேரே குனிந்து பெண்ணின் அக்குளைப் பார்த்தார். தோல் விறைத்து வெளுத்திருந்தது. ஓரத்தில் கடுகளவு கீறி ரத்தம் கசிந்தது. "நல்லது" என்றார்.

"வலிக்குதா?"

"அப்பா பேசாம இருப்பாங்களா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

உள்ளங்கைக்கு அடியிலிருந்து "ம்ம், ம்ம்" என்று சத்தம் வந்தது.

நீலாம்பாள் கையை எடுக்காமலே தங்கப்பனைப் பார்த்தாள். வார்டே தங்கப்பனைப் பார்த்தது. அவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பாதி வாக்கியத்துக்குக் கேசு எடுக்கான் பற்றில்லா" என்று கையை விரித்துவிட்டு டீக்கடைக்குப் போனார்.

இதற்குப் பிறகு ஆட்டத்தின் விதியைச் சுகிர்தபாய் மாற்றிவிட்டாள். முறுக்கும் வேண்டாம், கட்டாயக் கைதூக்கலும் வேண்டாம். தினமும் சாயங்காலம் குற்றாலிங்கம் பிள்ளை வந்து கோட்டைக் கழற்றிவிட்டு, "தாசில்தார்..." என்று ஆரம்பிக்க வேண்டும். நீலாம்பாள் பாய்ந்து வாயைப் பொத்த வேண்டும். இடது கை வண்டியை விடக் கூடாது. ஒரு கோஷத்துக்கு ஒரு பொத்து. குற்றாலிங்கம் பிள்ளைக்கு முதலில் மனசில்லை. பிறகு, அந்த நேரத்துக்காகவே ஆபீசில் பகல் முழுக்கப் பொறுமையாக இருப்பதாக ஆனந்தவல்லியிடம் சொன்னார். எந்த வாக்கியத்தில் பிடிபடலாம் என்று பஸ்ஸிலேயே யோசித்துக்கொண்டு வருவார். மேஜை துடைக்கச் சொல்லுத தாசில்தார், லீவு கேட்டா முறைக்குத தாசில்தார், வீட்டு மாங்காயை ஆபீசிலே விக்குத தாசில்தார். 'ஒழிக' மட்டும் ஒருநாளும் வெளியே வரவில்லை. அதற்குள் கை வந்துவிடும். 'ஒழிக' சொல்லத் தயாராக மூச்சை இழுத்து வைத்திருந்த கிருஷ்ணன்குட்டிக்குத் தினமும் ஏமாற்றம். அந்த மூச்சை அவன் ஊளையாக விட்டான். நுரையீரலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அடுத்த ரவுண்ட்ஸில் கை தலைக்கு மேலே போனது. டாக்டர் ஈசாக் அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "கத்தி வேண்டாம்" என்றார். ஆனந்தவல்லி அழ ஆரம்பித்தாள். சுகிர்தபாய் அவளிடம் ஒரு துண்டை எறிந்துவிட்டு, குற்றாலிங்கம் பிள்ளைக்காக அடுக்களையிலிருந்து ஒரு செங்கல்லைக் கொண்டு வரச் சொன்னாள். இனி அதன்மேல் ஏறி நின்று சொல்ல வேண்டும். சில நாளில் செங்கல் இரண்டானது. பிறகு டீக்கடையிலிருந்து தங்கப்பனின் முக்காலியையே இரவல் வாங்கினார்கள். தங்கப்பன் நின்றுகொண்டு பார்த்தார்.

முக்காலி நாளில் நீலாம்பாள் பாய்ந்தாள். எட்டவில்லை. மறுபடி குதித்தாள். விரல் அவருடைய மோவாயைத் தொட்டுவிட்டு நழுவியது. உலகத்திலேயே முதல் தடவையாகக் குற்றாலிங்கம் பிள்ளையின் வாயிலிருந்து அந்தச் சொல் முழுதாக வெளியே வந்தது.

"ஒழிக!"

"ஒழிக!" என்றது வார்டு. கிருஷ்ணன்குட்டி போட்ட சத்தத்தில் ஓட்டுமேல் இருந்த காக்கைகள் பறந்தன. முக்காலிமேல் நின்றவர் அவசரமாக இறங்கிக் கோட்டைத் தேடினார். தங்கப்பன் போலீஸ் வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறதே என்றார். நீலாம்பாள் போய்க் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பா போகும்போதும் அவள் திரும்பவில்லை.

மறுநாள் மத்தியானத்திலிருந்தே அவள் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கஞ்சிக்கு வரவில்லை. ஜாதாவுக்கு ராபின்சன் கூப்பிட்டதற்கும் வரவில்லை. சுகிர்தபாயும் தனக்கு வேறு வேலை இருப்பதுபோல அங்கேயே துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போனது. சாயங்கால பஸ் நின்றது. அதிலிருந்து குனிந்து இறங்கினார் குற்றாலிங்கம் பிள்ளை, அதே கோட்டோடு.

அவர் படியேறி வரும் வரைக்கும் அவள் பொறுத்தாள். கோட்டின் நுனியைப் பிடித்துப் பார்த்தாள். பைக்குள் ஆபீஸ் பேனா இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"வேலை உண்டா?"

"உண்டு மக்களே. இன்னைக்கும் அதே நாற்காலிதான்."

"தாசில்தார் ஒண்ணும் சொல்லல்லியா?"

"நாளைக்கும் வரச் சொன்னாரு. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை."

நீலாம்பாள் வண்டிப் பக்கம் திரும்பினாள். இதுவரைக்கும் அவள் ஜாதாவின் நடுவில்தான் நடந்திருக்கிறாள். இப்போது ராபின்சனுக்கும் முன்னால் போய் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். வலது முஷ்டி காதை உரசிக்கொண்டு நேரே மேலே போனது.

"தாசில்தார்..."

குற்றாலிங்கம் பிள்ளை அவள் வாயைப் பொத்த ஓடினார். அவ்வளவு உயரத்திலிருந்து குனிய வேண்டியிருந்ததால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.